பைப்புக்குப் போட்ட குரங்குத் தொப்பி

கிட்ட இராதேங்கோ தம்பி. அந்தப் பக்கத்துச் சீற்றிலை இருங்கோ. குறை நினையாதேங்கோ, நான் செத்தவீட்டாலை வாறன், இன்னும் கால் கழுவேல்லை. உங்கடை பையுக்குள்ளாலை முருங்கைக்காய் எட்டிப் பாக்குது, தமிழாள் எண்டு கண்டுதான் சொல்லுறன். மற்றவைக்குச் சொன்னா விளங்காது. போன முறை ஒரு வெள்ளைக்காரிக்குக் கையைக் காட்டித் தள்ளி இருக்கச் சொல்ல, எனக்கு ஏதோ தொத்து வருத்தமாக்கும் எண்டு அவள் எழும்பி பஸ்ஸின்ரை அந்தத் தொங்கலுக்கே போயிட்டாள்.

இந்தப் போத்திலோ? தண்ணிதான். வீட்டு வாசல்லை நிண்டு காலிலை ஊத்திப்போட்டு உள்ளை போறதுக்கு. எழுபது வயசிலை, இந்தக் கண்டறியாத கனடாக் குளிருக்குள்ளை, போத்திலிலை தண்ணி காவிக்கொண்டு திரியிறன். ஏன்? வெளியிலை பைப் இல்லை. இருந்தது. இப்ப மருமோன் அறுத்து, மூடி போட்டு, அடைச்சுப்போட்டான். பிரேதத்துக்கு மூக்கிலை பஞ்சு வைச்ச மாதிரிக் கிடக்கு.

மருமோனைப் பற்றி நான் கூடாமல் கதைக்கேல்லை. நிமலராஜன் எண்டு பேர். உழைப்பாளி. குடி, சிகரெட் ஒண்டுமில்லை. ஆனா ஊத்தை! தம்பி, செத்தவீட்டுக்குப் போயிட்டு வந்து, அதே சப்பாத்துக் காலோடை குசினிக்குள்ளை போய், பிரிட்ஜைத் திறந்து, நிண்டபடி கறிச் சட்டிக்குள்ளை விரலை விட்டு நக்குவான். நான் என்ரை கண்ணாலை கண்டன். சீக்! அண்டைக்கு முழுக்க நான் அந்த வீட்டிலை ஒண்டும் தின்னேல்லை. பாண் வாங்கி அறைக்குள்ளை வைச்சுத் திண்டன். "மாமா, இது கனடா" எண்டான். கனடா எண்டாப்போலை செத்தவீட்டுத் துடக்கு விமானம் ஏறாதோ?

எனக்கு ஒரு முறை இருக்கு தம்பி. என்ரை மனிசி செத்தண்டைக்குக் கூட நான் அதை விடேல்லை. இரண்டு வருசம் ஆச்சு. சனம் எல்லாம் மலர்ச்சாலையிலை பிரேதப் பெட்டிக்கு மேலை விழுந்து குளறுது. நான் தள்ளி நிண்டுதான் வாய்க்கரிசி போட்டன். தொடேல்லை. வீட்டை வந்து எல்லாரையும் பைப்படியிலை வரிசையா நிப்பாட்டி, நானே ஓஸைப் பிடிச்சு, கால் கழுவித்தான் உள்ளை விட்டனான். அது ஆவணி மாசம், வெயில், ஒருத்தரும் முணுமுணுக்கேல்லை. மனிசி எண்டா மனிசிதான், வடிவாய்ப் படுத்திருந்தா. நீலக் காஞ்சிபுரம். கொசுவம் அப்பிடியே தட்டித் தட்டி வைச்ச மாதிரி. சட்டை அளவெடுத்துத் தைச்ச மாதிரி. ஆசுப்பத்திரியிலை கிடந்து உடம்பெல்லாம் ஊதிப்போய்க் கிடந்தவ, அங்கை பாத்தா பழைய செல்வராணியாய்க் கிடந்தா. எல்லாம் மகள் பாத்தவள். சுபாங்கினி. தாயிலை சரியான பாசம்.

சரி, பைப்புக்கு வாறன்.

உங்கடை வீட்டிலையும் இருக்கும்தானே, வெளிச் சுவரிலை ஒரு பைப், தோட்டத்துக்குத் தண்ணி விட. அதுக்கு உள்ளுக்கை, பேஸ்மென்றிலை, ஹீற்றர் மெசின் நிக்கிற அறைக்குள்ளை, முகட்டோடை ஒரு வால்வு இருக்கு. இலை உதிரத் தொடங்க மருமோன் அதைப் பூட்டுவான். பிறகு வெளியிலை போய் ஓஸைக் கழட்டி, பைப்பைத் திறந்து, உள்ளை நிக்கிற தண்ணியெல்லாம் வடிய விடுவான். பங்குனி, சித்திரை வரைக்கும் அது காஞ்சுபோய்க் கிடக்கும். "தண்ணி உள்ளை நிண்டா இறுகிப் பருக்கும் மாமா, பைப்பை வெடிக்கப் பண்ணும்" எண்டு ஒவ்வொரு வருசமும் பாடம் எடுப்பான். எனக்கு! நான் பருத்தித்துறையிலை சங்கக்கடை மனேச்சராய் இருந்தவன். தண்ணி பருக்குமாம், பைப் வெடிக்குமாம். குளிருக்கு எல்லாம் சுருங்கும், நானே சுருங்கிப்போய்த் திரியிறன்.

சரி, பூட்டட்டும். ஆனா பனிக்காலத்திலை ஒருத்தரும் சாகிறேல்லையோ? உண்மையைச் சொன்னா, பனிக்காலத்திலைதான் எங்கடை சனம் கூடுதலாய்ச் சாகுது. நான் கிழமைக்கொருக்கால் மலர்ச்சாலைக்குப் போறன். கால் கழுவாமல் எப்பிடி உள்ளை வாறது? உள்ளை வந்து குளியலறையிலை கழுவுங்கோ எண்டான் மருமோன். உள்ளை வந்த பிறகு என்னத்தைக் கழுவுறது!

அதோடை போன கோடை மகள் ஒரு வேலை செய்தாள். பேஸ்மென்ற் அறையை ஒருத்திக்கு வாடகைக்குக் குடுத்தாள். சுகிர்தமலர் எண்டு பேர். நாப்பத்தைஞ்சு வயசிருக்கும். தனி ஆள், புருசன் சண்டையிலை காணாமல் போனவராம். ஊர் கேட்டன், சொன்னாள். ஊருக்குள்ளை எந்தப் பக்கம் எண்டு கேட்டன். சிரிச்சாள், சொல்லேல்லை. சொல்லாட்டி எங்களுக்கு விளங்காதோ? என்ன வேலை எண்டு கேட்டன். "சீலை உடுத்திவிடுற வேலை ஐயா" எண்டாள். கலியாணப் பொம்பிளை சோடிக்கிறவளாக்கும் எண்டு நானும் பேசாமல் விட்டிட்டன். நல்ல வேலைதானே.

பிறகு கோயிலிலை ஒராள் சொல்லித்தான் தெரியும். மலர்ச்சாலையிலை, செத்ததுகளைக் கழுவித் துடைச்சு, உடுப்பாட்டிப் பெட்டியிலை வைக்கிறவளாம்!

எனக்கு எப்பிடி இருந்திருக்கும், சொல்லுங்கோ. அவள் தந்த கத்தரிக்காய்ப் பொரியலை நான் முதல்நாள்தான் திண்டனான். அந்தக் கையாலை! குசினித் தொட்டியிலை குனிஞ்சு நிண்டு வாயைக் கழுவுறன், கழுவுறன், போகுதில்லை. மகளிட்டைச் சொன்னன், இவளை வீட்டை விட்டு எழுப்பு எண்டு. "அப்பா, அந்த அக்காவைப் பற்றி நீங்கள் ஒண்டும் கதையாதேங்கோ" எண்டு என்னிலை பாஞ்சாள். என்ரை பெத்த மகள்!

அப்ப நானே ஒரு ஒழுங்கு செய்தன். அவளைப் பக்கக் கதவடியிலை மறிச்சன். பிள்ளை, கிள்ளை எண்டெல்லாம் கூப்பிடேல்லை. "இஞ்சை பாரும், நீர் உந்த வேலையாலை வந்து வீட்டுக்குள்ளை இறங்கிறதெண்டா, பைப்படியிலை கால் கழுவிப்போட்டு இறங்கும்" எண்டன்.

"நான் அங்கையே தலையிலை தண்ணி வாத்து, உடுப்பு மாத்திப்போட்டுத்தான் ஐயா வாறனான்."

"அங்கை குளிச்சது அங்கத்தைக் கணக்கு."

"குளிர் வந்தாலுமோ ஐயா?"

"குளிருக்குத் துடக்குப் போகுமோ?"

அவள் என்ரை முகத்தைக் கொஞ்ச நேரம் பாத்துக்கொண்டு நிண்டாள். பிறகு "சரி ஐயா" எண்டாள். அதோடை சரி. மருமோன் இலையுதிர் காலத்திலை வால்வைப் பூட்ட, அவன் வேலைக்குப் போன நேரம் பாத்து நான் ஏணி வைச்சு ஏறித் திறந்துவிட்டன். சின்ன ஓஸ் ஒண்டும் கொழுவிவிட்டன், காலுக்கு நேரை பிடிக்கச் சுகமாய் இருக்கும் எண்டு.

அவளும் கழுவினாள் தம்பி. நான் மேலை குசினி யன்னலாலை பாப்பன். பாக்காட்டி ஏமாத்துவளெல்லோ! சப்பாத்தைக் கழட்டி, காலுறையைக் கழட்டி, ஒரு கையாலை சுவரைப் பிடிச்சுக்கொண்டு, ஒரு காலை நனைச்சு, மற்றக் காலை நனைச்சு. ஸ்நோ விழத் தொடங்கினாப்போலையும் கழுவினாள். கால் ரண்டும் சிவந்து, பிறகு வெள்ளையாய்ப் போகும். எனக்கும் பாவமாய்த்தான் கிடந்தது. நான் பொல்லாதவன் இல்லை. வெறும் நிலத்திலை நிக்கிறாளே எண்டு ஒரு அரிசிச் சாக்கு எடுத்து விரிச்சுவிட்டனான். ஆர் செய்வினம் இந்தக் காலத்திலை?

பைப்பையும் நான் சும்மா விடேல்லை. மருமோன் சொன்னதிலை ஒரு துளி உண்மை இருந்தாலும் எண்டு போட்டு, என்ரை பழைய சாரத்தைக் கிழிச்சு அதைச் சுத்தினன். அதுக்கு மேலை பொலித்தீன் பை. அதுக்கு மேலை என்ரை குரங்குத் தொப்பியைப் போட்டு, தாடையிலை கட்டுற மாதிரிக் கட்டிவிட்டன். பக்கத்து வீட்டுச் சீனாக்காரன் படம் எடுத்துக்கொண்டு போனான். எடுக்கட்டும். ஆள் காதை மூடினாக் குளிர் பிடிக்காது, பைப்புக்கு மட்டும் பிடிக்குமோ? மருமோன் கண்டிட்டு என்ன மாமா எண்டான். வடிவுக்கு எண்டு சொன்னன். அவன் தான் பூட்டின வால்வை நம்பிக்கொண்டு சிரிச்சிட்டுப் போயிட்டான்.

பிறகு தைப்பொங்கலுக்குப் பிறகு ஒரு குளிர் வந்துது, ஞாபகம் இருக்கோ? துப்பினாத் துப்பல் நிலத்திலை விழேக்கை சத்தம் கேட்ட குளிர். அண்டைக்கு அவள் வந்து பைப்பைத் திறந்தாள், தண்ணி இல்லை. காலுறையைக் கழட்டிப்போட்டு வெறுங்காலோடை நிண்டுகொண்டு, மேலை யன்னலைப் பாத்து, "ஐயா, தண்ணி வரேல்லை" எண்டாள். "நில்லும், வாறன்" எண்டு நான் கேத்தில் நிறையச் சுடுதண்ணி கொண்டுபோய்த் தொப்பிக்கு மேலை ஊத்தினன். ஒண்டும் நடக்கேல்லை. தொப்பிதான் நனைஞ்சு, நாங்கள் பாத்துக்கொண்டிருக்கவே தேங்காய் மாதிரி இறுகிப்போச்சு. அவள் நடுங்கிக்கொண்டு சிரிச்சாள். என்ன சிரிப்பு வேண்டிக் கிடக்கு? எனக்குப் பத்திக்கொண்டு வந்துது. "சரி, இண்டைக்கு உள்ளை போம்" எண்டன். நானாகத்தான் விட்டனான். படியிலை மஞ்சள் தண்ணி தெளிச்சன்.

குளிர் விட்டு வெயில் எறிச்ச ஒரு பகல். வீட்டிலை நான் மட்டும். கீழை 'ஸ்ஸ்ஸ்' எண்டு ஒரே சத்தம். அவள்தான் தலை முழுகிறாளாக்கும், நல்லது, முழுகட்டும் எண்டு நான் ரீவி பாத்துக்கொண்டிருந்தன். அவள் வேலைக்குப் போனது எனக்கு நினைவில்லை. மகள் வந்து கதவைத் திறக்கத்தான், கீழ்ப்படி தண்ணிக்குள்ளை நிக்குது.

பைப் சுவருக்குள்ளை வெடிச்சுப்போச்சு தம்பி. இறுகின தண்ணி உருகினவுடனை பீச்சி அடிச்சிருக்கு. அவளின்ரை கட்டில், மெத்தை, உடுப்பு எல்லாம் தண்ணிக்குள்ளை. ஒரு பெட்டி நிறையப் புதுச் சீலை, ஊறிச் சாயம் போய், தண்ணியெல்லாம் சிவப்பும் பச்சையும். அவள் வேலையாலை வந்து நிக்க, ஏன் இவ்வளவு சீலை எண்டு கேட்டன். ஒருத்தரும் இல்லாமல் சாகிறவைக்கு உடுத்த, தான் மலிவு விக்கிற நேரம் வாங்கி வைக்கிறதாம். பிணச் சீலை! என்ரை கட்டிலுக்கு நேரை கீழை, இவ்வளவு நாளும்! எனக்கு உடம்பெல்லாம் அரியண்டமாய்ப் போச்சு.

மருமோன் வந்தான். சுவரைப் பாத்தான். மெசின் அறைக்குள்ளை போய் வால்வைப் பாத்தான். முழங்காலளவு தண்ணியிலை நிண்டுகொண்டு, "நான் பூட்டின வால்வை ஆர் திறந்தது?" எண்டான்.

நான் சுவரைப் பாத்தன். வெடிச்ச இடத்தைப் பாக்கத்தானே வேணும்.

அவள் என்னைப் பாத்தாள். "நான்தான் தம்பி" எண்டாள். "வேலையாலை வந்து கால் கழுவுறதுக்குத் திறந்தனான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

நான் அவளைச் சொல்லச் சொன்னனானோ? சொல்லுங்கோ தம்பி, நான் சொல்லச் சொன்னனானோ? அவளாய்ச் சொன்னாள். கழுவினதும் அவள்தானே. நான் பேசாமல் மேலை வந்திட்டன். மகள் ஏதோ மறிச்சுப் பாத்தாள். மருமோன், "சுவர் எல்லாம் உடைக்கவேணும் அக்கா, நீங்கள் வேறை இடம் பாருங்கோ, இனி எங்களுக்குச் சரிவராது" எண்டான். அவள் காஞ்சது ரண்டு பையும், நனைஞ்சது ரண்டு பையுமாய்க் கொண்டு போனாள். இப்ப ஆரோ கூட வேலை செய்யிறவையின்ரை வீட்டிலை, விறாந்தையிலை, சோபாவிலை படுக்கிறாளாம். அறை திருத்தியாச்சு. நாளைக்கு ஒரு படிக்கிற பெடியன் குடிவாறான்.

இவ்வளவும் பழசு. இண்டைக்கு நடந்ததைக் கேளுங்கோ.

இண்டைக்கு எங்கடை ஊர்க் கனகலிங்கத்தாற்றை மனிசியின்ரை செத்தவீடு. நான் வழமை போலைத் தள்ளி நிண்டு பாத்தன். சீலை அந்தமாதிரி உடுத்திக் கிடந்தது. கொசுவம் தட்டித் தட்டி வைச்ச மாதிரி. நான் கனகலிங்கத்தாற்றை மோனிட்டைச் சொன்னன், என்ரை மனிசிக்கும் இப்பிடித்தான், என்ரை மகள் உடுத்தினவள் எண்டு. அவன் சொல்லுறான், "இல்லை அங்கிள், இது இஞ்சத்தை அக்கா உடுத்தினது. இஞ்சை எல்லாருக்கும் அவதான். செல்வராணி அன்ரிக்கும் அவதான். நான் அண்டைக்கு நிண்டனான்."

வெளிவாசல்லை நிண்டு மகளுக்கு ஃபோன் எடுத்தன். "அம்மாவுக்கு ஆரடி சீலை உடுத்தினது?" எண்டு கேட்டன். அழத் தொடங்கிட்டாள். "அப்பா, நான் போனனான். எனக்குத் தொட ஏலேல்லை. பயமாய் இருந்தது. சட்டையும் பத்தேல்லை, அம்மா ஊதியிருந்தவ. நான் வெளியிலை நிண்டு குளற, சுகிர்தமலர் அக்காதான் வந்து, நீங்கள் யோசியாதேங்கோ எண்டு சொல்லி, முதுகுப்பக்கம் வெட்டி, கையாலை துண்டு வைச்சுத் தைச்சு, அம்மா அம்மா எண்டு கதைச்சுக் கதைச்சு உடுத்திவிட்டவ. அந்த நன்றிக்குத்தான் அப்பா அவவுக்கு அறை குடுத்தனான்."

கதைச்சுக் கதைச்சாம், தம்பி. முப்பத்தெட்டு வருசம் என்னோடை இருந்தவ. நான் தொடேல்லை. பெத்த மகள் தொடேல்லை. இவள் தொட்டிருக்கிறாள். கதைச்சும் இருக்கிறாள். எங்கடை வீட்டு விறாந்தையிலை மனிசியின்ரை படம் மாலை போட்டுத் தொங்குது. வந்த முதல்நாளே அவளுக்குத் தெரிஞ்சிருக்கும். நான் பைப்படியிலை நிப்பாட்டி, கால் கழுவு எண்டு சொல்லேக்கையும் தெரியும். அதுதான் அப்பிடிப் பாத்தவள்.

ஃபோனை வைச்சிட்டு இறங்கப் போறன். வாசல் படியெல்லாம் ஐஸ். ஆரோ வந்து முழங்கையைப் பிடிச்சினம். திரும்பிப் பாத்தா, அவள். "மெல்ல ஐயா, வழுக்கும்" எண்டாள். நான் கையை இழுக்கேல்லை. இழுத்தா விழுந்திடுவன் எண்டுதான். வேறை ஒண்டுக்குமில்லை.

"பைப் திருத்தியாச்சோ ஐயா?" எண்டு கேட்டாள்.

"அறுத்துப்போட்டான்" எண்டன்.

"அப்ப எங்கை கால் கழுவுறியள்?" நக்கலுக்குக் கேக்கேல்லை தம்பி. நக்கலுக்குக் கேட்டிருந்தாலும் எனக்குக் கொஞ்சம் சுகமாய் இருந்திருக்கும். நான் இந்தப் போத்திலைக் காட்டினன். வீட்டாலை கொண்டுவந்து வெளிவாசல்லை வைச்சிருந்த தண்ணி அப்பிடியே இறுகிக் கல்லாய்ப் போய்க் கிடந்தது. அவள் அதை வாங்கிக்கொண்டு உள்ளை போனாள். வந்து கையிலை தந்தாள். "ஐஸை உருக்கி ஊத்திப்போட்டுச் சுடுதண்ணி விட்டிருக்கிறன் ஐயா, போகுமட்டும் சூடு கிடக்கும். கால் விறைச்சுப்போடும்" எண்டாள்.

எனக்கு அருவருப்பாய்க் கிடக்கு தம்பி. ஆரிலை எண்டு கேளாதேங்கோ.

நாளைக்குக் காலமை அந்தப் பெடியன் சாமானோடை வந்திடுவான். அதுக்கு முன்னம் நான் மருமோனிட்டை வாயைத் திறக்கவேணும். ஏணி வைச்சு ஏறினது நான்தான் எண்டு. அவன் இப்ப குசினிக்குள்ளை நிப்பான், நிண்டபடி தின்னுவான். நான் வாசல்லை நிண்டு கால் கழுவிக்கொண்டு நிண்டா, மனம் மாறிப்போம். எனக்கு என்னைத் தெரியும். கழுவாமல் நேரை உள்ளை போனாத்தான் சொல்லுவன்.

அடுத்தது என்ரை தரிப்பு. அந்த மணியை ஒருக்கால் அடிச்சுவிடுங்கோ. இந்த மூடியையும் கொஞ்சம் திறந்து தாங்கோ பாப்பம், கை விறைச்சுப்போச்சு. இல்லை, ஊத்த இல்லை. தொண்டை காஞ்சுபோய்க் கிடக்கு.

ம். இன்னும் சூடாத்தான் கிடக்கு, பிள்ளை விட்ட தண்ணி.